மாப்பிள்ளை வந்து போன கிறிஸ்மஸ்

இந்தச் சீட்டுல யாரும் வருதாவளாம்மா? இல்லன்னா நான் இருந்துக்கிடுதேன். தூத்துக்குடி பிளைட்டுக்குத்தானே நீங்களும்? அங்க பனி மூட்டமாம், தெளிஞ்ச பெறவுதான் எடுப்பானாம். பனியாம் பனி. நான் மூணு மாசம் பனிக்குள்ளயே கெடந்துட்டு வாரேன். இதுக்குப் போய் பிளைட்ட நிறுத்திட்டானேன்னு இருக்கு.

கனடாவுல இருந்து வாரேன். வினிபெக்னு ஒரு ஊரு. மக அங்க இருக்கா. ஹெப்சி. ஒரே மக. எங்களுக்கு ஊரு நாசரேத். நீங்க தூத்துக்குடி டவுனா? நாசரேத்துல உங்களுக்குச் சொந்தக்காரவிய யாரும் உண்டுமா? இல்லையா. நல்லதாப் போச்சு. எதுக்குக் கேக்கேன்னா, ஊரு ஆளுகன்னா நான் வாயத் தொறக்க முடியாது. நீங்க இறங்கி உங்க வழிக்குப் போயிருவிய. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போயிருவேன். நாளைக்கே எங்க கோயில் மாதர் சங்கத்துப் பொம்பளைய எல்லாரும் வந்து உக்காந்திருவாவ, மகளும் மாப்பிள்ளையும் சுகமான்னு. அதுக்கு முன்ன ஒரு ஆளுகிட்டயாவது சொல்லிரணும்னு இருக்கும்மா.

எங்க வீட்டுக்காரவிய பி.டி. வாத்தியாரா இருந்தவிய. சுகர். போன ஆகஸ்டுல வலது கால முட்டுக்குக் கீழ எடுத்துட்டாவ. அந்த மனுசன விட்டுட்டு நான் எப்படி வெளிநாட்டுக்குப் போவேன், சொல்லுங்க. மாட்டேன்னேன். அவியதான் ஒத்தக்கால்ல நின்னு அனுப்பி வெச்சாவ. சே, அப்படிச் சொல்லக்கூடாது, வாயில வந்துட்டு. அவிய தங்கச்சிய வரச்சொல்லி வீட்டுல வெச்சுக்கிட்டாவ, டிக்கெட்டும் போட வெச்சாவ. "கிறிஸ்மஸுக்குப் போ. பனிக்காலம் முடியுற வரைக்கும் அவகூட இரு. அவளுக்கு ஆள் வேணும்"னாவ. "மாப்பிள்ளை இருக்காருல்லா"ன்னு கேட்டேன். "போகச் சொன்னா போயேன்"னுட்டு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. சுகர்காரவியளுக்குக் கோவம் வரத்தானே செய்யும். நான் அதப் பெருசா எடுத்துக்கல.

டிசம்பர் பொறந்ததும் போய் இறங்குனேன். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, முதலூர் மஸ்கோத்து அல்வா, எல்லாம் பெட்டி நெறைய. ஏர்போர்ட்டுக்கு ரெண்டு பேரும் வந்திருந்தாவ. மாப்பிள்ளை பேரு ஆசீர். கையில எனக்கு ஒரு கோட்டும் பூட்ஸும் வெச்சிருந்தாரு. நான் குனிய முடியாம நின்னனா, அவரே கீழ உக்காந்து என் காலுக்கு பூட்ஸ மாட்டி கயிறும் கெட்டிவிட்டாரு. அத்தனை பேரு பாக்காவ. எந்த மாப்பிள்ளை செய்வான்? எனக்குப் பெருமை தாங்கல.

வீடு சின்ன வீடுதான், ஆனா கதகதன்னு இருந்துச்சு. காலைல நான் எந்திரிச்சு வந்தா மாப்பிள்ளை அடுப்படியில காப்பி போட்டுட்டு நிப்பாரு. பெறவு ஆபீஸ். சாயங்காலம் வந்து எங்ககூடச் சாப்பிடுவாரு. சாப்பிட்டதும் கோட்ட மாட்டுவாரு. "டிசம்பர்ல ஆளுக எல்லாம் லீவு போட்டுருவாங்க அத்தை, ராத்திரியும் நான்தான் பாக்கணும்"னு சொல்லிட்டுக் கெளம்பிருவாரு. மனுசன் இப்படி ராப்பகலா உழைக்காரேன்னு காலைல அவருக்கு ரெண்டு முட்டை கூட வெச்சேன். எப்ப தூங்குதாருன்னு ஒரு நாளாவது எனக்குத் தோணுச்சா? தோணல.

இன்னொண்ணும் சொல்லணும். கல்யாணம் ஆகி ஏழு வருசம், புள்ளை இல்ல. அதுக்குன்னே வைத்தியர்கிட்ட சொல்லி லேகியம் கிண்டிக் கொண்டு போயிருந்தேன். ஹெப்சி தொடமாட்டேன்னுட்டா. மாப்பிள்ளைக்குத் தினமும் சாப்பாட்டுக்குப் பெறவு ஒரு ஸ்பூன் கொடுப்பேன். வாங்கிச் சாப்பிடுவாரு. கசக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சாப்பிட்டுட்டு, தண்ணியக் குடிச்சுட்டு, கோட்ட மாட்டிட்டுப் போயிருவாரு. அந்த நேரம் ஹெப்சி தட்டக் கழுவப் போயிருவா. எவ்வளவு கழுவுவா தெரியுமா. நாலு தட்ட அரை மணி நேரம் கழுவுவா.

அங்க தமிழ் ஆளுக சேந்து ஒரு பள்ளிக்கூட ஹால்ல ஞாயித்துக்கிழமை ஆராதனை நடத்துதாவ. நம்ம ஊரு முகங்களப் பாத்ததும் எனக்கு மனசு நெறைஞ்சுட்டு. எந்திரிச்சு நின்னு, "கிறிஸ்மஸ் அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் எங்க மக வீட்டுக்குச் சாப்பிட வாங்க"ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கைதட்டுனாவ. கார்ல வரும்போது, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லமா"ன்னா ஹெப்சி. நான்தானே ஆக்கிப் போடப் போறேன், அதுல கேக்கதுக்கு என்ன இருக்கு? நான் யாரு வீட்டு விசயத்துலயும் தலையிடுற ஆளு இல்லம்மா. இது நம்ம வீடு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை வெங்காயம் உரிச்சுக் கொடுக்க வந்தாரு. அவரு உக்காந்து உரிச்சுக்கிட்டு இருக்கும்போதே காத்து அடிக்க ஆரம்பிச்சுட்டு. பனி கீழ விழல, குறுக்க ஓடுது. எதிர்த்த வீடு தெரியல. சாயங்காலம் ரோட்டயெல்லாம் அடைச்சுட்டோம்னு டிவியில சொல்லிட்டான். மாப்பிள்ளை சன்னல்கிட்டயே நின்னாரு. "நடந்தாவது போயிருதேன்"னாரு. ஹெப்சி, "பைத்தியமா உங்களுக்கு? செத்துப் போயிருவிய"ன்னா. அந்த வார்த்தைல எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. புருசன் மேல எவ்வளவு பாசம்னு. கிறிஸ்மஸ் அதுவுமா டூட்டிக்கு நடந்து போறேங்காரேன்னு அவர நான் வைதேன். முதுகு வலின்னு சொல்லிட்டு அவரு சோபாவுல படுத்துக்கிட்டாரு.

விடிஞ்சா கிறிஸ்மஸ். நம்ம ஊர்லன்னா கோழி கூவுமுன்னயே கோயிலுக்குப் போயிருவோம். அங்க நான் எந்திரிச்சு கறிக்கு மசாலா வதக்கிட்டு நிக்கேன். காத்து நின்னுட்டு. வெளிய கண்ணு கூசுது, அப்படி ஒரு வெள்ளை. மாப்பிள்ளை எந்திரிச்சு வந்து, "அத்தை, துண்டு எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. "அந்த அலமாரில, மேல் தட்டுல"ன்னேன். அவரும் போய் எடுத்துக்கிட்டு குளிக்கப் போயிட்டாரு. நான் திரும்ப சட்டியக் கிண்டுதேன். கிண்டிக்கிட்டு இருக்கும்போதே கை நின்னுட்டு.

வந்து மூணு வாரம் ஆன நான், வீட்டு ஆளுக்குத் துண்டு இருக்க இடம் சொல்லுதேன்.

அடுப்ப அணைச்சுட்டு அவுங்க ரூமுக்குப் போனேன். ஹெப்சி கட்டில்ல உக்காந்து தலை வாரிக்கிட்டு இருந்தா. நான் ஒண்ணும் கேக்காம பீரோவத் தொறந்தேன். அவ துணிதான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் அவ துணி. ஒரு ஆம்பளச் சட்டை இல்ல.

"எப்ப இருந்துட்டி இப்படி?"ன்னேன்.

அவ சீப்ப வெக்கல. "ஜூன்ல இருந்து"ன்னா. "ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு எடுத்திருக்காரு."

"அப்ப இந்த மூணு வாரமும்?"

"காலைல நீ எந்திரிக்கதுக்கு முன்ன வந்திருவாரு. உனக்குத் தெரியாம இருக்கணும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். நீ ஊருக்குப் போன பெறவு, மெதுவாச் சொல்லிக்கிடலாம்னு."

"எதுக்குட்டி இந்த நாடகம்?"

"அப்பாதான், இந்த ஒரு கிறிஸ்மஸ் போகட்டும்னு சொன்னாவ."

அவ சொன்னதுல, ரெண்டு பேரும் பிரிஞ்சதுகூட எனக்கு மறந்து போயிட்டும்மா. அப்பாவான்னு கேட்டேன். அவியளுக்கு எப்படித் தெரியும்னேன். ஆபரேசனுக்கு முன்னயே சொல்லிட்டாளாம். கால எடுக்கப் போற மனுசன்கிட்ட சொல்லிருக்கா. அவியளும் அத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் ஆபரேசனுக்குப் போயிருக்காவ. நான் வெளிய உக்காந்து சங்கீதம் வாசிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு மட்டும் சொல்லல.

போனப் போட்டேன். அங்க அப்ப ராத்திரி. கோயில்ல இருந்து ஆளுக வந்து கேக் கொடுத்துட்டுப் போயிருக்காவ, சந்தோசமாப் பேசுனாவ. நான், "உங்களுக்குத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டேன்.  "தெரியும்"னாவ.

"ஏன் சொல்லல?"

"சொன்னா டிக்கெட்ட எடுத்துட்டு பஞ்சாயத்துக்குப் போயிருப்ப."

"இப்பவும் டிக்கெட் எடுத்துத்தானே வந்திருக்கேன்?"

"இப்ப கிறிஸ்மஸுக்குப் போயிருக்க. அது வேற"ன்னாவ.

என்ன வேற? நீங்களே சொல்லுங்க. ஹெப்சிகிட்டயும் கேட்டேன். பெத்தவகிட்ட மறைக்க என்ன இருக்கு, நான் என்னைக்காவது உன்ன ஒரு வார்த்தை கடுமையாச் சொல்லிருக்கேனான்னு. அவ, "ஷீபா அக்காவ நீ என்ன செஞ்சன்னு நினைச்சுப் பாரு"ன்னா. ஷீபா எங்க பக்கத்து வீட்டு ஜேனட்டுக்கு மக. புருசன விட்டுட்டு மெட்ராஸ்ல இருந்து வந்திருந்தா. நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுஞ் செய்யல. சங்கத்துல பாட்டு நடத்துற பொறுப்பு அவகிட்ட இருந்துச்சு, அத வாங்கி வேற ஆளுக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான். நான் சங்கத் தலைவி, நாலு பேரு கேப்பாவல்லா. அவளா கோயிலுக்கு வராம நின்னுட்டா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்கு வெளங்கல.

சரி, அழணும்னா அழக்கூட நேரமில்ல. ரோட்டுல பனிய அள்ளிட்டான். பன்னெண்டு மணிக்கு ஆளுக வர ஆரம்பிச்சுட்டாவ. வாசல்ல பூட்ஸு குமிஞ்சு கெடக்கு. நான் அவருக்குன்னு எடுத்துட்டுப் போன பட்டு வேட்டி சட்டைய மாப்பிள்ளை உடுத்திக்கிட்டு, வாங்க வாங்கன்னு எல்லாருக்கும் கோட்ட வாங்கி மாட்டுதாரு. ஹெப்சி பச்சடி வெக்கா. அவ தட்ட நீட்டுனா அவரு வாங்குதாரு, அவரு தண்ணி ஊத்துனா அவ டம்ளர நீட்டுதா. ஒருத்தரு ஒருத்தர இடிக்கல. விருந்தாளிக எல்லாரும் கறி நல்லாருக்குன்னாவ. எனக்கு உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல.

சாப்பிட்டு முடிச்சதும் ஒரு அம்மா, "ரெண்டு பேரும் சேந்து ஒரு பாட்டு படிங்க"ன்னா. எல்லாரும் பிடிச்சுக்கிட்டாவ. கல்யாணமான புதுசுல எங்க கோயில்லயே ரெண்டு பேரும் சேந்து படிப்பாவ, இவ மேல் குரலு, அவரு கீழ் குரலு. நான் அடுப்படி வாசல்ல கரண்டியோட நிக்கேன். மாட்டேன்னு சொல்லிருவாவன்னு நினைச்சேன். சொல்லல. சோபாவுக்கு முன்ன வந்து நின்னாவ. அவரு மெதுவா ஒரு சுதிய எடுத்துக் கொடுத்தாரு. அவ பிடிச்சா. மூச்சு விடுற இடம்கூட ஒண்ணா இருந்துச்சும்மா. வயசான ஒரு மனுசி கண்ணத் தொடச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து, "கர்த்தர் சேத்து வெச்ச ஜோடி"ன்னா. ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்ல?

எல்லாரும் போன பெறவு மாப்பிள்ளை பாத்திரம் பூராத்தையும் கழுவிக் கவுத்தாரு. வேட்டிய மாத்தி, மடிச்சு, சோபா மேல வெச்சாரு. கோட்ட மாட்டுனாரு. அன்னைக்கு டூட்டின்னு சொல்லல. "போயிட்டு வாரேன் அத்தை"ன்னாரு. நானும் பழக்கத்துல லேகிய டப்பாவ எடுத்துட்டேன். எடுத்துட்டு, என்ன செய்யன்னு தெரியாம நிக்கேன். அவரு ஸ்பூன வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போனாரும்மா. எனக்கு அப்பதான் அழுகை வந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, ஹெப்சி வேலைக்குப் போன நேரம், மாப்பிள்ளைக்குப் போன் போட்டு என்னைய உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன். வந்து கூட்டிட்டுப் போனாரு. மீன் குழம்பு வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஒரே ஒரு ரூம். ஒரு நாற்காலி. அதுல என்னைய உக்கார வெச்சுட்டு அவரு கீழ மெத்தையில உக்காந்தாரு. சன்னல் வழியாப் பாத்தா ஆறு கல்லா உறைஞ்சு கெடக்கு, அது மேல ஆளுக நடக்காவ. நான் கேட்டேன்.

"குடிக்கியளா?"

"இல்ல அத்தை."

"வேற பொண்ணு யாரும்?"

"இல்ல அத்தை."

"புள்ளை இல்லைங்கிற குறையா?"

"இல்ல."

"அவ வாயாடுவாளா? சொல்லுங்க, நான் கண்டிக்கேன்."

"அவ ஒண்ணும் செய்யல அத்தை."

பின்ன என்னதான்னு கேட்டேன். குடிச்சா குடிய நிறுத்தச் சொல்லலாம், அடிச்சா ஆளு வெச்சுக் கேக்கலாம். ஒண்ணுமே இல்லன்னா நான் எதப் பிடிச்சு இழுக்க? அவரு டீ போட எந்திரிச்சாரு. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டே சொன்னாரு. "நான் உள்ள வந்தா அவ பேச்ச நிறுத்திருவா. அவ வந்தா நான் டிவியப் போட்டுருவேன். ரொம்ப நாளா அப்படியே இருந்தோம். அவதான் முதல்ல சொன்னா. சொன்னப்ப எனக்கு அழுகை வரும்னு நினைச்சேன் அத்தை. தூக்கம்தான் வந்துச்சு. அன்னைக்கு அப்படித் தூங்குனேன்."

அவதான் சொன்னாளாம். நான் இந்த மனுசன் கால்ல விழவும் தயாராப் போயிருக்கேன். என்ன சொல்லணும், எப்படி ஆரம்பிக்கணும், எல்லாம் மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டுப் போயிருக்கேன். அத்தனையும் அவருக்காகத் தயார் பண்ணுன பேச்சு. போகணும்னு சொன்னது எம் மகன்னா அத நான் யாருகிட்டப் போய்ப் பேச? டீயக் குடிச்சேன். அவரு மீன் குழம்ப ஊத்திச் சோறு சாப்பிட்டாரு. முள்ள எடுத்து ஓரமா வரிசையா வெச்சாரு. திரும்பக் கொண்டாந்து விட்டாரு.

அதுக்குப் பெறவு அவரு காலைல வரல. நடிக்க வேண்டிய அவசியம் முடிஞ்சுட்டுல்லா. வாரத்துக்கு ஒரு தடவ வந்து எனக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துட்டு, வாசல்ல நின்னே போயிருவாரு. காப்பி நானே போட்டேன். அவரு போட்ட மாதிரி வரல.

நான் உடனே ஊருக்குக் கெளம்புதேன்னேன். ஹெப்சி, இரும்மான்னா. ஜனவரியும் பிப்ரவரியும் அங்க எப்படி இருக்கும் தெரியுமா. சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டு. சண்டை போட்டுட்டு வெளிய போறதுக்குக்கூட வழியில்ல. ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனேன். ரெண்டு பேண்ட்டு, மூணு சட்டை, சாக்ஸு, பூட்ஸு, கோட்டு, குல்லா, கையுறைன்னு மாட்டி முடிக்கதுக்குள்ள எதுக்குக் கோவிச்சேன்னே மறந்துட்டு. வாசல்ல நின்னுட்டு, ஒவ்வொண்ணாக் கழத்திட்டு, உள்ள வந்து உக்காந்துட்டேன். ஹெப்சி பாத்துட்டுச் சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துட்டு.

அவ சிரிக்கா பாருங்கம்மா. அதுதான் எனக்குத் தாங்கல. ராத்திரி நல்லாத் தூங்குதா. காலைல அடுப்படியில பாட்டு முணுமுணுக்கா. நான் போன முதல் மூணு வாரமும் எலும்பா இருந்தவ, கன்னம் வெச்சுட்டா. புருசன விட்ட பொம்பளைக்கு எப்படிம்மா கன்னம் வைக்கும்? ஒரு நாள் எம் மடியில தலை வெச்சுப் படுத்துக்கிட்டு, "அம்மா, இப்பத்தான் நீ வந்த மாதிரி இருக்கு"ன்னா. நான் அவ தலையத் தடவிக்கிட்டே, "ஒரு தடவ மாப்பிள்ளைகிட்ட பேசிப் பாரேன்"னேன். எந்திரிச்சுப் போயிட்டா. நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே. நல்லது நடக்கணும்னுதானே சொல்லுதேன்.

கெளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு ரெண்டு பேரும் வந்தாவ. ரெண்டு கார்ல வந்தாவ. பெட்டி எல்லாம் போட்டாச்சு. இனிமே நான் மட்டும்தான் உள்ள போகணும்.  நான் அவ கையப் பிடிச்சேன். அவரு கையப் பிடிச்சேன். கையுறையோட இருந்துச்சு, கழத்துங்கன்னேன். கழத்துனாவ. ரெண்டு கையையும் சேத்து வெச்சு, மேல என் கைய வெச்சு அமுக்குனேன். ஜெபம் பண்ணலாம்னு பாத்தேன். "ஆண்டவரே"ன்னு சொன்னேன், அதுக்கு மேல ஒண்ணும் வரல.

ரெண்டு பேரும் கைய உருவல. அவ அழுதா. அவரு, "பாத்துப் போங்க அத்தை. மாமாவ நான் எப்பவும் போல கூப்பிடுவேன்"னாரு. நான் என் கைய எடுத்துக்கிட்டேன். அவுங்க கை அப்படியேதான் இருந்துச்சு. பாஸ்போர்ட்டக் காட்டிட்டு உள்ள போனேன். கண்ணாடிக் கதவுதான், திரும்புனா தெரியும். நான் திரும்பல. நேரா நடந்தேன். பின்னால வந்த வெள்ளைக்காரி, உங்களக் கூப்பிடுதாவன்னு சைகை காட்டுனா. அப்பவும் திரும்பல.

என்னமோ சொல்லுதான் பாருங்க, நம்ம பிளைட்டா? ஆமா, எல்லாரும் எந்திரிக்காவ. அந்தப் பையக் கொஞ்சம் எடுங்கம்மா.

நாளைக்கு வந்து கேப்பாவல்லா, எப்படி இருக்காவன்னு. நான் புறப்படும்போது ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாவன்னு சொல்லப் போறேன். அது பொய் இல்லல்லாம்மா?